மூன்றாவது பாத்தி

நம் பாட்டன்மாருக்குப் பாட்டன் பிறக்கும் முன்னே நடந்த கதை இது. உட்கார்ந்து கேளுங்கள். உழைத்துக் களைத்து வந்தவர்கள் படுத்துக்கொண்டே கேட்கலாம், குற்றமில்லை.

கொற்றங்குடி என்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர், ஆனால் அவசரக்காரர். அவருக்கு மதிசூடன் என்றொரு மந்திரி இருந்தார். வழக்கு வந்தாலும் மதிசூடன், வாய்க்கால் உடைந்தாலும் மதிசூடன், எல்லையில் சண்டை என்றாலும் மதிசூடன். விடியுமுன் அரண்மனைக்குப் போவார், ஊரடங்கி வீடு திரும்புவார். சோற்றை நின்றபடியே விழுங்குவார். இருபது வருஷம் இப்படியே ஓடியது.

நாற்பத்தெட்டாம் வயதில் அவர் கை நடுங்கத் தொடங்கியது. யாராவது ஓய்வெடுக்கச் சொன்னால், "நான் படுத்தால் நாடே படுத்துவிடும்" என்பார்.

அப்படி ஒருநாள், கண் சொருகிய நிலையில், ஒரு திருட்டு வழக்கின் ஓலையில் முத்திரை வைத்தார். திருடியவன் பெயர் பொன்னன். காவலர்கள் பிடித்துச் சிறையில் போட்டதோ கீழத்தெருக் குயவன் பொன்னனை. திருடனின் தெருவும் தொழிலும் ஓலையிலேயே இருந்தன; மறுமுறை படித்திருந்தால் ஆள் வேறென்று தெரிந்திருக்கும். மதிசூடன் படிக்கவில்லை. படிக்கத் தெம்பில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் குயவனின் மனைவி அரண்மனை வாசலை எட்ட முடிந்தது.

"பேரு ஒண்ணுதாய்யா. ஆளு வேறய்யா" என்றாள்.

மதிசூடனே ஓடிப்போய்ச் சிறைக்கதவைத் திறந்தார். குயவன் காலில் விழப்போனார். குயவனோ கோபப்படவும் தெம்பில்லாமல் நின்றான்.

"விடுங்கய்யா. நான் வீட்டுக்குப் போறேன்" என்றான். அவ்வளவுதான்.

அந்தச் சொல் மதிசூடனைத் தின்றது. மறுநாளே முத்திரை மோதிரத்தைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தார். "இந்தக் கை இனி எதற்கும் லாயக்கில்லை, மகாராஜா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் அவர் மனைவி உமையாள் இருந்தாள். கணவன் அரண்மனையிலேயே கிடந்த இருபது வருஷமும் அவள் கொல்லைப்புறத்தில் தோட்டம் போட்டுத்தான் பொழுதைக் கழித்தாள். மூன்று பாத்திகள், ஒரு கிணறு, வேலியோரம் ஒரு முருங்கை. மோதிரமில்லாத விரலைப் பார்த்தாள். சுரைக்காய்க் கூட்டும் சோறும் வைத்து, "உட்காந்து சாப்பிடுங்க" என்றாள்.

பத்து நாள் படுத்துக் கிடந்தார் மதிசூடன். பதினோராம் நாள் சும்மா இருக்க முடியாமல் கொல்லைக்கு வந்தார். வந்தவர், நாட்டை எப்படி நடத்தினாரோ அப்படியே தோட்டத்தையும் நடத்தப் பார்த்தார்.

ஆடி மாதம் வந்தது. அவரை, புடல், பீர்க்கு, பூசணி என்று கையில் கிடைத்த விதையையெல்லாம் ஒரே பாத்தியில் நெருக்கி ஊன்றினார். எல்லாம் முளைத்தன. ஒன்றும் காய்க்கவில்லை.

"ஒண்ணு மூச்சுவிட ஒண்ணு இடம் தரணுங்க" என்றாள் உமையாள்.

ஐப்பசி மாதம் வந்தது. மழை விடாமல் அடித்தது. வாடிய கத்தரிச் செடிகளுக்கு எருவுக்கு மேல் எரு கொட்டினார், ஈர மண்ணைக் கொத்திக் கொத்திக் கிளறினார். செடிகள் வேரழுகிச் சாய்ந்தன.

"அதுக்குத் தீனி போதாமலா வாடுச்சு? தண்ணி தேங்கி நிக்குது. வடிய வழி வெட்டுங்க, போதும்" என்றாள் உமையாள்.

பங்குனி மாதம் வந்தது. வெயில் மண்ணைப் பிளந்தது. இரண்டு பாத்திகளில் கீரையும் வெண்டையும் நின்றன. மூன்றாவது பாத்தியில் சருகைப் பரப்பி வெறுமனே போட்டிருந்தாள் உமையாள். மதிசூடனுக்குப் பொறுக்கவில்லை. அவள் கோயில் யாத்திரை போயிருந்த நாட்களில் சருகை வாரி எறிந்துவிட்டு, அதிலும் வெண்டை ஊன்றினார். நாலு இலை விட்ட செடி மஞ்சளாகி நின்றுவிட்டது.

உமையாள் வந்து பார்த்தாள். முதன்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது.

"வருஷத்துக்கு ஒரு பாத்தியைச் சும்மா போடுறேன். இல்லேன்னா மூணும் மலடாப் போகும். மண்ணுக்கும் அசதி உண்டுங்க. உங்களுக்கு அது தெரியாது. உங்க அசதியே உங்களுக்குத் தெரியலியே!"

மதிசூடன் வரப்பில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். சிறைக்கதவைத் திறந்த அன்றுகூட அவர் அழவில்லை.

அதன்பின் அவர் எதையும் அவசரப்படுத்தவில்லை. காலையில் களை எடுத்தார். உச்சி வெயிலில் உள்ளே வந்து உண்டு படுத்தார். வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் இறைத்தார். அந்தந்தப் பருவத்தில் கொல்லை கொடுத்ததை உண்டார். கோடையில் வெள்ளரி, மழையில் மிளகும் இஞ்சியும் போட்ட ரசம். களைப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. இருபது வருஷக் களைப்பு ஒரு வருஷத்தில் போகுமா? ஆனாலும் கை நடுக்கம் குறைந்தது.

மறு கார்த்திகையில், மழை ஓய்ந்த கையோடு, ஊரில் விஷக்காய்ச்சல் பரவியது. தெற்குச் சத்திரம் முழுக்க நோயாளிகள். பணிவிடைக்கு நாற்பது பேர். "காய்ச்சல் ஒழியும்வரை நாற்பது பேரும் இரவு பகல் கண்மூடக்கூடாது" என்று ராஜா கட்டளையிட்டார்.

ஐந்தாம் நாள் சத்திரத்து வைத்தியர் மதிசூடனின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒருத்தி கஷாயப் பானையோடு மயங்கி விழுந்துவிட்டாள். ஒருவன் தூக்கக் கலக்கத்தில் குழந்தைக்குப் பெரியவர் மருந்தைக் கொடுத்துவிட்டான். பிள்ளை பிழைத்தது, தெய்வாதீனம். ராஜாவிடம் சொல்ல எங்களுக்குத் தைரியமில்லை ஐயா."

மதிசூடன் மேல்துண்டை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனார்.

"நாற்பது பேரை மூன்றாகப் பிரியுங்கள், மகாராஜா. இரண்டு பங்கு வேலை செய்யட்டும், ஒரு பங்கு தூங்கட்டும். முறை வைத்து மாறட்டும்."

"ஜனங்கள் சாகிறார்கள், நீர் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறீரா?" என்று சீறினார் ராஜா.

"தூங்காத கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், மகாராஜா. ஒரு நிரபராதிக்கு மூன்று மாதம் போயிற்று."

ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்தார்.

"பத்து நாள் தருகிறேன். சாவு கூடினால் நீர் இந்த நாட்டிலேயே இருக்கக்கூடாது."

"சரி" என்றார் மதிசூடன். தானும் பணிவிடைக்காரர்களில் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்.

முதல் நாள், முன்போலவே, ஒன்பது சாவு. இரண்டாம் நாளும் ஒன்பது. மூன்றாம் நாள் பத்து. சத்திரத்து வாசலில் ஜனங்கள் திட்டினார்கள். "உள்ளே உசுரு போகுது, இவங்க பாய் விரிச்சுத் தூங்குறாங்க!" ஒருவன் மண்ணை வாரி மதிசூடன் மேல் எறிந்தான். அவர் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆறாம் நாள் அவருடைய முறை முடிந்த நேரம். மூலையில் கிடந்த நெசவுக்காரி ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போகாதீங்கய்யா. நீங்க போனா நான் செத்துடுவேன்."

அவருக்கு உள்ளுக்குள் பழைய ஆசை எழுந்தது. நான் இல்லாவிட்டால் ஆகாது என்கிற ஆசை. கால் நகர மறுத்தது. இருந்தாலும் முறை மாற வந்த பெண்ணைக் கூப்பிட்டு, நெசவுக்காரியின் கையை அவள் கையில் வைத்தார்.

"இவள் தூங்கி எழுந்து வந்திருக்கிறாள், தாயே. என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வாள்."

போய்ப் படுத்தார். உங்களுக்குச் சொல்கிறேன், அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அப்படிப் படுத்ததுதான் கடினமான வேலை.

நெசவுக்காரி பிழைத்தாள். எட்டாம் நாள் நான்கு சாவு. ஒன்பதாம் நாள் இரண்டு. பத்தாம் நாள் ஒரு சாவும் இல்லை. மருந்து தவறவில்லை, பணிவிடைக்காரர் ஒருவரும் விழவில்லை. போன உயிர்கள் போனவைதான். அவற்றுக்காக ஊர் அழுதது, மதிசூடனும் அழுதார்.

பதினோராம் நாள் ராஜா அவரைத் தனியே அழைத்தார். முத்திரை மோதிரத்தை நீட்டினார்.

"மூன்று மந்திரிகளை வையுங்கள், நானும் ஒருவனாக இருக்கிறேன்" என்றார் மதிசூடன். "விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவேன்."

"ஆகட்டும்" என்றார் ராஜா. பிறகும் அவரைப் போகச் சொல்லாமல் நின்றார். அப்போதுதான் மதிசூடன் அந்த முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், காய்ந்த உதடு. காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து அந்த மனிதரும் படுக்கவே இல்லை.

"மதிசூடரே," ராஜாவின் குரல் தாழ்ந்தது, "நானும் கொஞ்சம் தூங்கலாமா?"

"தூங்குங்கள், மகாராஜா. நாங்கள் இருக்கிறோம்."

ராஜா சிம்மாசனத்தின் படியிலேயே தலை சாய்த்தார். மதிசூடன் தன் மேல்துண்டை மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

உழைப்புக்கு நேரம் வைப்பது போல ஓய்வுக்கும் நேரம் வைப்பவரே தமக்கும் பிறர்க்கும் கடைசிவரை உதவுவார்.