திரைக்குப் பின்னால் தர்பார்

தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநர் பரமேசுவரனுக்குத் துணை இயக்குநர் ரோசலினைக் கண்டாலே ஆகாது. அவர் வாங்கிய ராஜ தர்பார் ஓவியம் சுவர் முழுக்க இருந்தும் அங்கே ஈ காக்கை இல்லை. பக்கத்து அறையில் ரோசலின் வாங்கிய எருமைப் படத்துக்கோ கூட்டம் முண்டியடித்தது.

பரமேசுவரன் தர்பார் அறையின் காவலாளி செங்கமலத்தை அழைத்தார்.

“நாளைக்கு என் படத்து முன்னால கூட்டம் நிக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை.”

“நிக்கும் சார்.”

மறுநாள் காலை அவள் தர்பாரின் முன் ஒரு சிவப்புத் திரையைத் தொங்கவிட்டாள். கோயிலில் திரை போட்டிருந்தால் தீபாராதனைக்குக் காத்து நின்று பழகிய ஜனம் அது. முதலில் ஒரு குடும்பம் நின்றது. மதியத்துக்குள் வரிசை வாசலைத் தொட்டது.

“எப்பம்மா திறப்பாங்க?”

“பெரியவர் வரணும்.”

பரமேசுவரன் வந்தார். வரிசையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ரோசலினைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தன் கையாலேயே திரையை விலக்கினார்.

“இவ்வளவுதானா?” என்றது ஒரு குரல். சற்று நேரத்தில் அத்தனை பேரும் எருமையிடம் போய்விட்டார்கள்.

“என்னடி இது?” என்று செங்கமலத்திடம் சீறினார்.

“கூட்டத்தைக் கூட்டி வர்றது என் வேலை சார், செஞ்சிட்டேன். நிக்க வைக்கிறது படத்தோட வேலை.”

ரோசலின் சிரிப்பை அடக்குவதைக் கண்டு அவருக்கு இன்னும் எரிந்தது.

“அந்த எருமைக்குப் போடு திரையை! ஒருத்தனும் பார்க்கக் கூடாது.”

“போடறேன் சார். வரிசை தெருவுக்குப் போயிடும், பரவாயில்லையா?”

அன்று முதல் அவர் தர்பாரின் திரையைத் திறப்பதே இல்லை. கூட்டம் நிற்கிறது. செங்கமலத்தின் வேலையும் நிலைத்து நிற்கிறது.