எந்த வெட்டில் சிவந்தது?

"எனக்கு ஒரு விடை வேணும் மேடம்" என்றார் வைரவநாதன்.

"கேள்வி என்ன சார்?" என்றார் அமலோற்பவம்.

"என்னோடது இல்ல. என் வகுப்புல ஒரு பிள்ளை கேட்டது."

அமலோற்பவம் கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார்.

வைரவநாதனுக்கு ஐம்பத்து நான்கு வயது. காளையார்கோவில் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆறு வருடமாக நானோ பாடம் நடத்துகிறார்.

அமலோற்பவத்துக்கு முப்பத்தைந்து. கடலோரக் கல்லூரி ஒன்றில் நானோ துறைப் பேராசிரியர். பள்ளி ஆசிரியர்களுக்கு அந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று பயிற்சி கொடுப்பதும் அவர் வேலை.

ஆறு நாள் பயிற்சிக்கு வந்திருந்த நாற்பது பேரில் வைரவநாதன்தான் மூத்தவர். தன்னைவிட ஏறக்குறைய இருபது வயது சின்னப் பெண்ணிடம் போய்ச் சந்தேகம் கேட்பதற்கு அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

"காகிதத்த வெட்டிக் காட்டினேன் மேடம். ஓரடி நீளத் துண்டு. பாதி, பாதியில பாதின்னு. ஒன்பது வெட்டுக்கு மேல கத்திரிக்குச் சிக்கல. இப்படியே இருபத்தெட்டு தடவ வெட்டினா ஒரு நானோமீட்டர் வரும்னு சொன்னேன்."

"சரி."

"அப்புறம் முன்னாடி ஒரு பயிற்சியில குடுத்த பெட்டியில இருந்த சிவப்புத் தண்ணிய எடுத்துக் காட்டினேன். இது தங்கம், அவ்வளவு பொடியாப் போனா தங்கம் சிவப்பாத் தெரியும்னு சொன்னேன்."

"சரி."

"நாகஜோதின்னு ஒரு பிள்ளை கை தூக்குச்சு. 'சார், தங்கத்தையும் இதே மாதிரி வெட்டிக்கிட்டே போனா, எந்த வெட்டுல சார் சிவப்பாகும்?'னு கேட்டுச்சு."

அமலோற்பவத்தின் கை நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

வைரவநாதன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"'பரீட்சைக்கு வராததையெல்லாம் கேக்காத, உட்காரு'ன்னு சொன்னேன். வகுப்பே சிரிச்சுது."

"பிறகு?"

"அதோட சரி. அஞ்சு மாசமாச்சு. கை தூக்கல. புரிஞ்சுதான்னு கேட்டாத் தலைய ஆட்டுது. முன்னாடி ஒரு பீரியடுக்கு நாலு கேள்வி கேக்கும், நான் எரிஞ்சு விழுவேன். இப்ப அந்தப் பெஞ்சுப் பக்கம் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அமலோற்பவம் அதை மூடினார்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போறப்ப விடையோட போகணும் மேடம். போய்ச் சொல்லிட்டா அந்தப் பிள்ளை பழையபடி ஆயிரும்."

அமலோற்பவம் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது சார்."

* * *

வைரவநாதன் அதை நம்பவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் விடையை உடனே தரமாட்டார்கள், அலைய விடுவார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். மறுநாள் முதல் வரிசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மற்றவர்கள் பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்களைப் பயிற்சிக்கு உட்கார வைத்தால் கால் மணி நேரத்தில் மாணவர்களாகிவிடுவார்கள். அதுவும் தாங்கள் எந்த மாணவர்களைத் திட்டுவார்களோ அந்த மாணவர்களாக.

மூன்றாம் நாள் முழுவதும் பாடம் நடந்தது. விடை வரவில்லை.

நான்காம் நாள் அமலோற்பவம் மேசையில் மின்சார அடுப்பை வைத்தார். அதன்மேல் குடுவை. குடுவையில் தங்க உப்புக் கரைத்த தண்ணீர், இளமஞ்சளாக.

"இதுல தங்கம் இருக்கு. தனித்தனி அணுவாக் கரைஞ்சு கிடக்கு. இன்னொரு உப்பைச் சேர்த்தா அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வளரும். நீங்க மேலேயிருந்து வெட்டிக்கிட்டு வந்தீங்க. நாம கீழேயிருந்து ஏறிப் போகப் போறோம்."

வைரவநாதன் பேனாவை எடுத்தார்.

"எழுத வேண்டாம் சார். பாத்தாப் போதும். சிவப்பாகிற நொடியில எல்லாரும் கை தூக்குங்க."

தண்ணீர் கொதித்தது. அமலோற்பவம் இரண்டாவது உப்புக் கரைசலை ஊற்றினார்.

மஞ்சள் போயிற்று. வெறும் தண்ணீராயிற்று. பிறகு மை கலந்ததுபோலக் கறுக்கத் தொடங்கியது.

மேசையில் இருந்த காகிதங்கள் காற்றில் படபடத்தன. விசிறியின் வேகத்தைக் குறைப்பதற்காக அமலோற்பவம் சுவரை நோக்கிக் கையை உயர்த்தினார்.

நாற்பது கைகள் உயர்ந்தன.

அமலோற்பவம் விசிறியைக் குறைத்துவிட்டுத் திரும்பினார். கைகளைப் பார்த்தார். குடுவையைப் பார்த்தார்.

குடுவையில் இருந்தது இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு கையாக இறங்கியது. ஒருவர் தலையைச் சொறிவதற்குத் தூக்கியதுபோலச் சொறிந்துகொண்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக இறங்கியது வைரவநாதனின் கை. முப்பது வருடமாக அவர் வகுப்புக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்: என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு, பலகையப் பாரு. இப்போது தன் கையைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அமலோற்பவம் அடுப்பை அணைத்தார். அந்தக் குடுவையை இறக்கி வைத்தார். வேறொரு குடுவையை எடுத்துக் கழுவினார். மறுபடி கழுவினார். துளி அழுக்கு இருந்தாலும் தங்கம் கட்டிதட்டிப்போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நாற்பது பேரும் அரை மணி நேரம் காத்திருந்தார்கள்.

தண்ணீர் மறுபடி கொதித்தது. உப்பை ஊற்றினார்.

ஊற்றிவிட்டு நாற்பது பேருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

பார்ப்பதற்கு முகம் இல்லை. வேறு வழியில்லாமல் குடுவையைப் பார்த்தார்கள்.

முதல் கை பரமக்குடி ஆசிரியை ஒருவருடையது. "ஆயிருச்சு" என்றார்.

"எங்க ஆச்சு? அது ஊதா டீச்சர்."

"ஊதாவும் சிவப்புச் சேர்ந்ததுதானே?"

"அப்ப சந்தையில விக்கிற கத்திரிக்காயும் சிவப்புன்னு சொல்லுவீங்களா?"

நான்காவது கை உயர்ந்தது. பிறகு ஏழாவது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். வைரவநாதன் ஒரு தடவை கையைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். தன் கண்ணின்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒரு சந்தேகம் வந்து எத்தனை வருடமாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

தேநீர் வந்து ஆறிப்போனது. சத்தம் அடங்கியபோது நாற்பது கைகளும் உயர்ந்திருந்தன. எந்த இரண்டும் ஒரே நொடியில் உயரவில்லை.

"எங்கள்ல யாரு சரி மேடம்?" என்று கேட்டார் வைரவநாதன்.

அமலோற்பவம் திரும்பினார்.

"நான் பாக்கலையே சார்."

* * *

ஆறாம் நாள் மாலை ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். மஞ்சள் கரைசல் ஒரு சின்னக் குப்பி, இரண்டாவது உப்பு ஒரு பொட்டலம், ஒரு கையேடு.

"ஒரு தடவைக்குத்தான் வரும்" என்றார் அமலோற்பவம். "குடுவைய நல்லாக் கழுவுங்க."

மற்றவர்கள் பேருந்துக்கு ஓடினார்கள். வைரவநாதன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், விடை."

"கையேட்டுல பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன். நூறு நானோமீட்டருக்குக் கீழ போனாத்தான் நானோன்னு போட்டிருக்கு."

"அந்தக் கோடு நாம போட்டது சார். தங்கத்துக்கு அது தெரியுமான்னு எனக்குத் தெரியாது."

வைரவநாதனுக்குக் கோபம் வந்தது. பேருந்துக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது.

"இதப் போயி அந்தப் பிள்ளைகிட்டச் சொல்ல முடியுமா? ஆறு நாள் பயிற்சிக்குப் போயிட்டு வந்து வாத்தியார் தெரியாதுங்குறாருன்னு வகுப்பே சிரிக்கும்."

"அன்னைக்கும் சிரிச்சாங்கன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"யாரைப் பாத்து?"

வைரவநாதன் மடியில் இருந்த பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு எழுந்தார். இளையவருக்கு வணக்கம் சொல்வதா என்று யோசிக்காமல் கைகூப்பினார். அமலோற்பவமும் எழுந்து கைகூப்பினார்.

* * *

திங்கட்கிழமை. பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாவது பீரியட்.

பள்ளியில் ஆய்வக உதவியாளர் இல்லை. வைரவநாதன் காலை ஏழரைக்கே வந்து குடுவையைத் தானே கழுவினார். நான்கு தடவை கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

நாகஜோதி ஜன்னலோரம் கடைசிப் பெஞ்சில் இருந்தாள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் கேட்காதவர்கள் உட்காரும் விதமாக உட்கார்ந்திருந்தாள்.

வைரவநாதன் கரும்பலகையில் எழுதினார்: தங்கத்தை வெட்டிக்கொண்டே போனால் எந்த வெட்டில் சிவப்பாகும்?

கீழே எழுதினார்: கேட்டவர், நாகஜோதி.

வகுப்பு திரும்பி அவளைப் பார்த்தது. அவள் நோட்டைப் பார்த்தாள்.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி இந்தக் கேள்விய இந்தப் பிள்ளை கேட்டுச்சு. நான் உட்காரச் சொன்னேன். கேள்வி தப்புன்னு இல்ல. எனக்குத் தெரியல. அத மறைக்கத்தான் உட்காரச் சொன்னேன்."

யாரும் அசையவில்லை.

"ஆறு நாள் போயிப் படிச்சுட்டு வந்தேன். இன்னைக்கும் தெரியாது."

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பின்னால் இன்னும் சிலர். வைரவநாதன் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றார். அது அவர் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. ஆனால் வலித்தது.

மேசையில் அடுப்பின்மேல் இருந்த குடுவையில் மஞ்சள் தண்ணீர் கொதித்தது. ஒரு தடவைக்குத்தான் வரும் என்பது அவருக்கு நினைவில் இருந்தது. உப்புக் கரைசலை ஊற்றினார். அடுப்பை அணைத்தார்.

"சிவப்பாகிற நொடியில கை தூக்குங்க. நான் பாக்க மாட்டேன். யாரும் குடுவையத் தொடக்கூடாது."

திரும்பிக் கரும்பலகையைப் பார்த்து நின்றார்.

வகுப்பு முதலில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்தது. பிறகு ஒரு பெஞ்சு நகர்ந்தது. காலடிச் சத்தம் மேசையை நோக்கி வந்தது.

"டேய், வெள்ளையாயிருச்சு."

"கறுக்குதுடா."

"ஆயிருச்சு! நான்தான் முதல்ல!"

"உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? இதுவா சிவப்பு?"

வைரவநாதன் எல்லாக் குரல்களையும் கேட்டார். முப்பத்தெட்டுப் பேரின் குரலும் அவருக்கு அத்துப்படி. அதில் ஒன்றை மட்டும் தேடிக்கொண்டிருந்தார்.

அது வரவில்லை.

ஐந்து நிமிடம் போயிற்று. சத்தம் ஏறியது, பிறகு தணிந்தது. தன் கையெழுத்தையே பார்த்துப் பார்த்து அவர் கழுத்து வலித்தது. திரும்பி ஒரே ஒரு தடவை ஜன்னலோரம் பார்த்துவிடலாமா என்றிருந்தது. பார்க்கவில்லை.

"எல்லாரும் தூக்கியாச்சா?" என்று பலகையைப் பார்த்தே கேட்டார்.

"தூக்கியாச்சு சார்!"

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்!"

அவ்வளவுதான் என்று நினைத்தார். குப்பி காலி. கொண்டு வந்த விடையும் இல்லை. சுண்ணக்கட்டியைப் பலகை விளிம்பில் வைத்தார். திரும்புவதற்காகக் காலை எடுத்தார்.

"திரும்பாதீங்க சார்."

அந்தக் குரல் மேசைக்கு மிக அருகிலிருந்து வந்தது. அவள் எப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இவங்க சும்மா சொல்றாங்க சார். இன்னும் மாறிக்கிட்டுத்தான் இருக்கு."

வைரவநாதன் திரும்பவில்லை.