பதினோராம் பக்கத்தின் கடைசி வரி

எல்கானா அந்த ஊர் யூதச் சபைக்குப் பதினான்கு வருஷமாகத் தலைவர். ரப்பி நப்தலி அவருக்குக் குரு. குருவைவிடச் சீடருக்கு ஒன்பது வயது கூடுதல். இதில் எல்கானாவுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

அன்று சூரியன் மறைந்தால் யூதர்களுக்குப் புது வருஷம். மறுநாள் காலையில் ஜெபக்கூடத்தில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். ஊதி முடித்ததும் தலைவர் எழுந்து, போன வருஷத்தை நினைத்துப் பார்த்து நாலு வார்த்தை பேசுவது அந்த ஊர் வழக்கம். எல்கானாவின் நாலு வார்த்தை என்றைக்குமே பதினோரு பக்கத்துக்குக் குறைந்ததில்லை. கேட்கிறவர்கள் பாவம்.

காலையிலேயே காகிதத்தோடு ரப்பி வீட்டு மாடிக்கு வந்துவிட்டார். ரப்பி எங்கோ கிளம்புகிறவர் மாதிரி பூட்ஸுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார்.

"படிச்சுக் காட்டட்டுமா, ரப்பி?"

"படிங்க தலைவரே."

ஜெபக்கூடத்தின் கூரை ஒழுகுவது நின்றது. கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எழும்பியது. தகப்பன் இல்லாத ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. பொய் ஒன்றுமில்லை, எல்லாம் அவர் நாயாய்ப் பேயாய் அலைந்து செய்த காரியங்கள்தான். கடைசிப் பக்கத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வருஷத்தில் நான் யார் மனதையாவது நோகடித்திருந்தால், அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்."

காகிதத்தை மடித்தார். "இந்த வரியை எழுதும்போது கண்ணு கலங்கிடுச்சு."

"நல்லா வந்திருக்கு. ஆனா யாருன்னு எழுதலையே?"

"பொதுவா சொல்றதுதானே வழக்கம்?"

"ஓ."

"நேராவே கேட்டுடறேன், ரப்பி. இப்படிச் சொல்லிட்டா ஆண்டவர் என்னை மன்னிச்சிருவாரா? ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை. சோறு இறங்கலை."

ரப்பி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

"அந்தக் கடைசி வரியை மட்டும் இங்கே நின்னு படிங்க."

எல்கானா படித்தார்.

"கொஞ்சம் சத்தமா."

படித்தார். கீழே மீன் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னும் சத்தமா."

எல்கானா அடித்தொண்டையிலிருந்து கத்தினார். 'மன்னிக்க' என்ற இடத்தில் குரல் உடைந்து இருமல் பிடித்துக்கொண்டது. "ஐயோ, தலைவருக்கு என்ன ஆச்சு?" என்றாள் ஒருத்தி. மற்றவள் குபீரென்று சிரித்துவிட்டாள்.

எல்கானாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை ஏன் இப்படி ஊர் சிரிக்க வைக்கிறீங்க?"

"சத்தம் இன்னும் பத்தலை."

"யாருக்குப் பத்தலை?"

"கெதலியா வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு, தலைவரே. நாளைக்கு அவர் ஜெபக்கூடத்துக்கு வரப்போறதில்லை. இங்கேருந்து கத்தினாத்தான் உண்டு."

எல்கானா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கெதலியா இருபத்தேழு வருஷம் கொம்பு ஊதியவர். போன புது வருஷத்தன்று அவருக்கு மூச்சு சிதறிப்போய், கொம்பிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. எல்கானா முன்வரிசையிலிருந்து எழுந்து, "போதும் கெதலியா, கீழே வை" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. கொம்பை வாங்கித் தன் மருமகன் கையில் கொடுத்தார். கெதலியா தொழுகைச் சால்வையை மடித்துக்கொண்டு வெளியே போனார். அப்புறம் வரவே இல்லை.

"கூடத்தோட மரியாதைக்காகத்தான் சொன்னேன்," என்றார் எல்கானா.

"ஆமா."

"அந்த வாரம்தான் அவருக்கு முன்பல்லு ரெண்டைப் பிடுங்கியிருக்காங்க. சத்தியமா அது எனக்கு அப்போ தெரியாது, ரப்பி. ரெண்டு மாசத்துக்கு முன்னால பல் வைத்தியர் பேச்சுவாக்கில சொல்லித்தான் தெரியும்."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

எல்கானா நிமிர்ந்தார். "தெரியுமா? அப்போ ஏன் நீங்க வாயைத் திறக்கலை?"

ரப்பி ஜன்னலை விட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்து பூட்ஸை மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஆறும் பாலமும் அதற்கு அப்பால் சில ஓட்டுக் கூரைகளும் தெரிந்தன. எல்கானா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"நான் போனா அவர் கதவைத் திறப்பாரா?"

"தெரியலை. மூணு தரம் போய் மன்னிப்புக் கேக்கணும்னு நம்ம சட்டம் சொல்லுது. ரெண்டு தரம் திறக்கலை."

"நான் ஒரு தரம்கூடப் போகலையே. போனது யாரு?"

ரப்பி நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்தார்.

"நான்தான். எல்லாம் தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்தவன் நான்தானே? இன்னைக்கு மூணாவது தரம். வாங்க, சேர்ந்தே போவோம். காகிதத்தை இங்கேயே வச்சிட்டு வாங்க."