பதினேழாம் ஆணி

காலை ஆறு பத்துக்கு வெள்ளைப்பாறை அணையின் வாசலில் பறவை பார்க்க வந்த பதினோரு பேர் நின்றார்கள். கடைசி ஆள் அருமைநாயகம், வயது அறுபத்து மூன்று.

அணைக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு வனக் காவலர் துளசிமணி ஆளுக்கொரு தகர டோக்கன் கொடுத்தாள். திரும்பி வரும்போது அதே எண்ணுள்ள ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அருமைநாயகம் நோட்டில் பெயர் எழுதினார். துளசிமணி அதைப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். டோக்கன் கொடுக்கவில்லை.

“எனக்கு?”

“உங்களுக்கு வேண்டாங்க.”

முப்பத்து நாலு வயதுதான் அவளுக்கு. அவளிடம் பறவை பார்க்கப் பழகியவர்கள் அவளை டீச்சர் என்பார்கள். கேள்வி கேட்டால் வாய் திறக்க மாட்டாள், நடந்து காட்டுவாள் என்று பெயர்.

மற்ற பத்துப் பேரும் கூடாரம் அடிக்கப் போனார்கள். அருமைநாயகம் மூட்டையை இறக்காமல் நின்றார்.

“அந்தத் தகரத்துக்குக்கூட நான் லாயக்கில்லையா, டீச்சர்?”

“அதுக்கில்லீங்க.”

“சரிதான். உள்ளே போய்த் திரும்பலைன்னாலும் யாருக்குத் தெரியப்போகுது? என் சம்சாரம் ஸ்டெல்லா போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம். பிள்ளையும் இல்லை. நான் இருக்கேனா இல்லையான்னு பக்கத்து வீட்டுக்காரர் வாசல்ல கிடக்கிற பால் பாக்கெட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறார்.”

“பாலாச்சும் வருதுங்களே.”

“நேத்தோட நிறுத்திட்டேன்.”

துளசிமணி நோட்டை மூடினாள்.

“ஒருத்தன் காணாமப் போனா, தேட ஒரு ஆளாவது வேணும். அதுகூட இல்லைன்னா அவன் எதுக்கு இருக்கணும்? நீங்களே சொல்லுங்க.”

அவள் தடியை எடுத்தாள்.

“நடங்க.”

தண்ணீர் வற்றி, கரை வெகுதூரம் இறங்கியிருந்தது. வெடித்த சேற்றில் ஒரு சாம்பல் நாரை தனியாக நின்றது. அவர் பைனாகுலரை எடுத்தார். அவள் நிற்கவில்லை.

முதல் வளைவில் ஒரு வேலமரக் கிளையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வெயிலில் வெளுத்திருந்தது.

அடுத்த வளைவிலும் ஒன்று. பாறை இடுக்கில் ஒன்று. ஓடை இறங்கும் இடத்தில் ஒன்று.

“என்ன, வேண்டுதலா?”

“தேடின எடமுங்க. ஒரே எடத்த ரெண்டு வாட்டி தேடக் கூடாதில்லீங்களா.”

“யாரைத் தேடினீங்க?”

“ஒரு ஆளை. போன வருசம் ஜனவரியில உள்ள போனாரு. டோக்கன் திரும்பி வரல.”

“போன் பண்ணலையா?”

“நோட்டுல நம்பர் இருந்துச்சு. எப்பக் கூப்புட்டாலும் அணைச்சு வெச்சிருக்குதுன்னே வந்துச்சு. இன்னமும் ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஒருவாட்டி கூப்புட்டுப் பாக்கறனுங்க.”

“சொந்தக்காரங்க?”

“யாரும் வரல. கேக்க நாதியில்லாத ஆளு, விட்டுட்டு வான்னாங்க.”

“விட்டுட்டீங்களா?”

“யாரும் வரலீன்னா நாமதானுங்களே தேடோணும்.”

நடுத் தண்ணீரில் ஒரு பட்ட மரம் நின்றது. அதன் உச்சியிலும் சிவப்புத் துணி.

“அங்கே?”

“பரிசல்ல போனமுங்க. பாதாளக்கரண்டி போட்டு மூணு நாள் துழாவுனோம்.”

அவர் பைனாகுலரைப் பைக்குள் வைத்தார்.

வாசலுக்குத் திரும்பினார்கள். பலகையில் ஒன்று முதல் பத்து வரை காலி, காலையில் போனவர்களுடையவை. பதினொன்று முதல் இருபத்து நாலு வரை டோக்கன்கள் தொங்கின. நடுவே பதினேழில் மட்டும் வெறும் ஆணி. துரு ஏறியிருந்தது.

போன வருஷம் ஜனவரியில் விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க அருமைநாயகம் இந்த வாசலுக்கு வராமல் மதகுப் பக்கமாக இறங்கிப் போயிருந்தார்.

அருமைநாயகம் பைனாகுலர் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தார். கை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

பிறகு பதினேழாம் டோக்கனை எடுத்து, ஆணியில் மாட்டினார்.

துளசிமணி பழைய நோட்டைப் பிரித்து வைத்தாள். அவருடைய கையெழுத்துதான். பெயர், சென்னை, ஒரு போன் எண். வெளியேறிய நேரம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

அவள் பேனாவை நீட்டினாள்.

“என்ன நேரம் போட?”

“வெளிய வந்த நேரத்தப் போடுங்க.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 11.2.2024, காலை 10.40 என்று எழுதினார்.

“இந்த நம்பரு?”

“ஸ்டெல்லாவோடது. பழக்கதோஷத்துல எழுதியிருக்கேன். மாசாமாசம் பணம் கட்டிடுவேன். போனை மட்டும் அணைச்சு அலமாரியில வெச்சிருக்கேன்.”

“மாத்தி எழுதறீங்களா?”

“இருக்கட்டும்.”

பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு ஐந்துக்கு ஸ்டெல்லாவின் போன் ஒலித்தது. அருமைநாயகம் எடுத்தார்.