பதினேழு ஸ்பீக்கர், ஒரு கிண்

"பதினேழு ஸ்பீக்கர் இருக்குது அம்மணி. பதினேழு! ஒரு கிண்ணு வரமாட்டீங்குது!"

காரை விட்டு இறங்கும்போதே அர்த்தநாரி கத்தினார். கதவை அறைந்து சாத்தினார். புது வண்டி என்பது ஞாபகம் வந்ததும் அந்தக் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பள்ளிபாளையத்தில், சங்ககிரி ரோட்டில், கார்களுக்கு ஆடியோ மாட்டும் கடை அது. நடத்துகிறவர் அம்சவேணி. வயது முப்பத்தெட்டு. அவரிடம் தொழில் கற்றவர்கள் மூன்று மாவட்டங்களில் கடை போட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

கார் வாங்கப் போகிறவர்கள் அவரிடம் ஒரே கேள்வியோடு வருவார்கள். கம்பெனியிலேயே பெரிய பேர் போட்ட ஆடியோ வருகிறதே, அதற்கு அவ்வளவு காசு கொடுக்கலாமா?

வாத்தியார் கொடு என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. "உக்காந்து கேட்டுப் பாருங்க" என்பார். இந்தப் பதிலைக் கேட்டு எரிச்சலோடு திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர்.

அர்த்தநாரி யோசனை கேட்க வரவில்லை. வண்டி வாங்கி நாலு மாதம் ஆகிவிட்டது.

"எனக்கு ஒரு லெட்டர் வேணும்" என்றார். "இந்த செட்டு பழுதுன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. நாளன்னிக்கு நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடறன். உங்க லெட்டர் இருந்தா போதும்ங்கறாரு வக்கீலு."

"என்ன பழுதுங்ணா?"

"அதான் சொன்னனே. கிண்ணு."

வாத்தியார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அர்த்தநாரி உட்காரவில்லை. கோபக்காரர்கள் உட்கார்ந்தால் கோபம் பாதியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்போல.

"ஒரு பழைய பாட்டு. ரெண்டாவது அடி முடியற எடத்துல ஒரு சின்ன மணி. கிண்ணுன்னு ஒரே ஒரு தடவை. பதினெட்டு வயசுல டீக்கடை ரேடியோவுல கேட்டது. அந்தக் கிண்ணுக்குத்தான் நான் அந்தப் பாட்டையே கேக்கறது. மொத காருல நல்லாக் கேட்டுது. பொறவு மங்கிப் போச்சு. செட்டை மாத்தினன். புதுசுல சத்தத்தைக் கூட்டி வெச்சாக் கேட்டுது, பொறவு அதுவும் மங்கிப் போச்சு. மறுக்கா மாத்தினன். மூணு கம்பெனி அம்மணி! மூணு பேரும் திருடனுக!"

"நாலாவதா இதுங்களா?"

"நாலாவதா பெரிய பேரா வாங்குவோம்னு இந்தக் கெரகத்துல வந்து உழுந்தன். ஆடியோவை மட்டும் தனியா தரமாட்டானாம். எல்லாத்துலயும் ஒசந்த வண்டியை எடுத்தாத்தான் அது வருமாம். மேல கண்ணாடி தொறக்கற வண்டி! பள்ளிபாளையத்து வெயில்ல அதை எவன் தொறப்பான்? ரெண்டே கால் லட்சம் சேத்திக் குடுத்தன்."

அவர் கோபம் நியாயமானதுதான். பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர் தலையில் வானத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கதவில், ஸ்பீக்கர் வலையின் மேல், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பெயர்த் தகடு மின்னியது. பாதி விலை அந்தத் தகட்டுக்குத்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

வாத்தியார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். திரையைத் தொட்டுப் பார்த்தார். மெல்லிய ஓசைகளைத் தூக்கிக் கொடுக்கும் அளவு கடைசிவரை ஏற்றப்பட்டிருந்தது. இதற்கு மேல் ஏற்ற இடமில்லை.

அவர் அதைக் குறைக்கவில்லை. பாட்டைப் போட்டார்.

முதல் அடி போயிற்று. இரண்டாவது அடி போயிற்று. வாத்தியாரின் கண் ஒருமுறை சுருங்கியது.

"எனக்குக் கேக்குதுங்ணா" என்றார்.

"என்னது?"

"கேக்குது. நல்லாவே கேக்குது."

அர்த்தநாரியின் முகம் சிவந்தது.

"கம்பெனிக்காரன் உங்களுக்கும் ஏதாச்சும் குடுத்துட்டானா?"

கடையில் வேலை செய்துகொண்டிருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியாரிடம் அப்படிப் பேசியவர் யாருமில்லை.

வாத்தியார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கதவுப் பலகைகளைக் கழற்றினார். கூரையில் இருந்ததை, சீட்டுக்கு அடியில் இருந்ததை, கண்ணாடி ஓரம் ஒளிந்திருந்த சின்னதை, ஒவ்வொன்றாகத் தனித்தனியே பேசவிட்டுக் காது வைத்துக் கேட்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அர்த்தநாரி அதுவரை நின்றுகொண்டே இருந்தார்.

"பதினேழும் பேசுதுங்ணா. பழுதுன்னு நான் எழுத முடியாது."

"அப்ப பொய் சொல்றது நானா?"

"அப்படி நான் சொல்லலீங்க."

"வேற எப்படிச் சொல்றது? ஊருக்குள்ள என்னை ஒருத்தன் பொய் சொன்னான்னு சொன்னதில்லை! நாளைக்குச் சாட்சியோட வர்றன். அவங்களுக்கும் கேக்கலீன்னா எழுதிக் குடுப்பீங்களா?"

"கூட்டிட்டு வாங்க. பொறவு எழுதறன்" என்றார் வாத்தியார்.

அர்த்தநாரிக்கு வெப்படை போகும் வழியில் தறிக்கூடம் இருக்கிறது. விசைத்தறி இருபத்து நாலு. பதினாலு வயதில் தறியோட்டியாக நுழைந்தவர், இன்று முதலாளி. ஆனாலும் அவர் மேசை தறிகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. கண்ணாடி அறைக்குள் உட்காரும் முதலாளி இல்லை அவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மறுநாள் காலையில் மூன்று பேரோடு வந்தார்.

ஒருவர் சென்னியப்பன், தறிக்கூடத்திலேயே மூத்தவர். இன்னொருவர் மாதையன். முன்பு தறி ஓட்டியவர், இப்போது முதலாளியின் காரை ஓட்டுகிறார். மூன்றாவது மைனாவதி. அவர் தறி அன்று பழுதாகி நின்றுவிட்டது. சும்மா உட்கார வைப்பானேன் என்று அவரையும் காரில் ஏற்றி வந்துவிட்டார்.

அர்த்தநாரி கையில் கம்பெனி கொடுத்த வழவழப்பான புத்தகம் இருந்தது. அதை விரித்து, தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.

"'இதுவரை கேட்காததையும் கேட்பீர்கள்.' அச்சடிச்சுக் குடுத்திருக்கான் பாருங்க! கேட்டதே கேக்கலீங்கறன் நானு!"

புத்தகத்தை வாத்தியாரின் மேசைமேல் எறிந்தார்.

வாத்தியார் மூவரையும் வண்டியில் உட்கார வைத்தார். முன்னால் சென்னியப்பன். பின்னால் மாதையனும் மைனாவதியும். அர்த்தநாரி திறந்திருந்த கதவருகே குனிந்து நின்றார்.

பாட்டு ஓடியது. இரண்டாவது அடி முடிந்தது. வாத்தியார் நிறுத்தினார்.

"மணி கேட்டுதுங்களா?"

"ஒண்ணுமே இல்லீங்க" என்றார் சென்னியப்பன்.

"எனக்கும் இல்லீங்க. தெனமும் இந்த வண்டியிலதான் கெடக்கறன். ஒரு நாளும் கேட்டதில்லீங்" என்றார் மாதையன்.

அர்த்தநாரி நிமிர்ந்தார். நாலு மாதமாக அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

"எழுதுங்க அம்மணி! எடுங்க பேனாவை!"

வாத்தியார் மைனாவதியைப் பார்த்தார்.

மைனாவதி முதலாளியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அந்தக் கை ஒரு பக்கக் காதைப் பொத்தியிருந்தது. எடுக்க மறந்துவிட்டார்.

"சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

"காது கூசுதுங்க. அந்த மணி ஊசி மாதிரி குத்துது."

"என்ன சொல்றா?" என்றார் அர்த்தநாரி.

"அவங்களுக்குக் கேக்குதாம்."

"பொய்யி!"

சென்னியப்பன் பின்பக்கம் திரும்பி மைனாவதியை முறைத்தார். "மொதலாளிக்கு ஆகாததைச் சொல்றதுக்குன்னே வந்தயா நீ? நேத்து வந்தவ!"

"பொய்யில்லீங்க. நெசமாவே கேக்குது" என்றார் மைனாவதி. அவர் குரல் நடுங்கியது. பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

"ரெண்டு பேரு கேக்கலீங்கறான், ஒருத்தி கேக்குதுங்கறா. என்னையும் சேத்தா மூணுக்கு ஒண்ணு. எழுதுங்க!"

வாத்தியார் போய் மேசையிலிருந்து பேனாவை எடுத்தார். கம்பெனிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எல்லாரும் எறங்கி வாங்க. சாட்சிங்க பேரோட வெவரமும் எழுதோணும்."

நால்வரும் அவர் எதிரே வரிசையாக நின்றார்கள்.

வாத்தியார் அந்த வழவழப்பான புத்தகத்தை விரித்துத் தன் வாய்க்கு நேரே பிடித்தார். கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சாதாரணக் குரலில் ஏதோ கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை.

"எட்டு மாசமுங்க" என்றார் மைனாவதி.

"எதை எட்டு மாசம்ங்கறா?" என்றார் அர்த்தநாரி. "நீங்க கேளுங்க அம்மணி. சும்மா நின்னா எப்படி?"

வாத்தியார் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து மறுபடியும் அதையே கேட்டார்.

மாதையன் கழுத்தை நீட்டினார். சென்னியப்பன் இப்படியும் அப்படியும் சாய்ந்து, புத்தகத்தின் ஓரமாக எட்டிப் பார்க்க முயன்றார்.

"புஸ்தகத்தை எறக்குங்க. பேசறது தெரியமாட்டீங்குது" என்றார்.

சொன்ன பிறகு அவரே நின்றுவிட்டார்.

வாத்தியார் புத்தகத்தை இறக்கினார்.

"எத்தனை வருசமா தறி ஓட்டறீங்கன்னு கேட்டனுங்க."

இந்த முறை எல்லோருக்கும் தெரிந்தது.

"பதினெட்டு வருசம்" என்றார் மாதையன். "பொறவுதான் வண்டிக்கு வந்தன்."

சென்னியப்பன் விரல்களைக் காட்டினார். மூன்று விரலும், பிறகு ஒன்றும். முப்பத்தொன்று.

தறிக்கூடத்தில் நுழைந்தவர்களுக்குத் தெரியும், இருபத்து நாலு தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்காது. வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். வீட்டுக்குப் போனாலும் கத்தித்தான் பேசுவார்கள். பக்கத்து வீட்டிலும் தறிக்காரர்தான், அவரும் கத்துவார். எல்லோரும் கத்தும் ஊரில் யாருக்குக் காது போனதென்று யார் கண்டுபிடிப்பது? காது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது. முதலில் போவது மணி, சலங்கை, குருவிச் சத்தம் மாதிரிச் சின்னச் சின்ன ஓசைகள். போகிறது என்று யாரும் சொல்லிவிட்டும் போவதில்லை.

"செட்டு மங்கலீங்ணா" என்றார் வாத்தியார். "ஒண்ணுகூட மங்கலை. மூணு கம்பெனிக்காரனும் திருடனில்லை."

அர்த்தநாரி வாத்தியாரை அடிக்கப் போகிறவர்போல் ஓரடி வைத்தார்.

"அப்ப நான் செவிடனா? என்னைச் செவிடன்னு சொல்றதுக்கா ரெண்டு நாள் இழுத்தடிச்சே? எனக்கு எல்லாம் கேக்குது! நீ பேசறது கேக்குது! ரோட்டுல லாரி போறது கேக்குது!"

மரியாதை போய்விட்டது. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

வாத்தியார் அசையாமல் நின்றார். பேனாவை அவரிடம் நீட்டினார்.

"பழுதுன்னு எழுதறனுங்ணா. அது செட்டுல வந்ததா, தறிக்கூடத்துல வந்ததான்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

அர்த்தநாரி பேனாவை வாங்கவில்லை.

திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் இரண்டு கைகளாலும் தன் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் இந்த மனிதரைத் தினமும் பார்த்திருக்கிறார் அர்த்தநாரி. கூலியைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு அண்டா வாங்கிக் கொடுத்திருக்கிறார். காதுக்கு வைக்கக் கொஞ்சம் பஞ்சு கொடுத்ததில்லை. பஞ்சு நூல் துணியாகும் கூடத்தில்.

"எனக்கு ஆரு சொன்னா?" என்றார் அர்த்தநாரி. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. "என்கிட்ட ஒருத்தனும் சொல்லலியே! நானும் அதே தறியிலதான் கெடந்தன்!"

மைனாவதி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"மொதலாளி, நான் இனி தறிக்கு வரலீங்க."

மாதையனுக்கு அது கேட்கவில்லை. சென்னியப்பனுக்குக் கேட்கவில்லை. மைனாவதியின் தோள் அசைந்ததை மட்டும் அர்த்தநாரி பார்த்தார்.

"என்ன சொல்றா அவ?"

வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியாருக்குக் கேட்டிருந்தது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை.

"ஏ புள்ள, என்ன சொன்னே? சத்தமாச் சொல்லு!"

மைனாவதி தலையை நிமிர்த்தினார். இப்போது குரலில் நடுக்கம் இல்லை.

"நான் கத்தமாட்டனுங்க. நீங்க கிட்ட வாங்க."