மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

"மேடம், என்னைத் தனியா எப்ப அனுப்புவீங்க?"

கேட்டவர் ஜெசிந்தா. நாகர்கோவிலில் பல் மருத்துவர். நாற்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்க வந்தவர்.

ஆசிரியை ருகையா அவரைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

"மேலே எப்படி ஓட்டுறேன்?" ஜெசிந்தா விடவில்லை.

"நல்லா ஓட்டுறீங்க."

"இறங்குறது?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"பிறகென்ன? எனக்குப் பிறகு சேர்ந்தவங்கல்லாம் தனியாப் போயிட்டு வந்துட்டாங்க."

ருகையா எழுந்து நடந்தார். ஜெசிந்தாவும் பின்னால் போனார்.

விமானங்கள் ஊர்ந்து வரும் பாதை ஓடுபாதையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், தரையின் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள். முதல் இரண்டும் முழுக் கோடுகள். அடுத்த இரண்டும் விட்டு விட்டுப் போட்டவை. அதற்கப்பால் ஓடுபாதை, வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது.

"இது எனக்குத் தெரியும் மேடம். முழுக் கோடு நம்ம பக்கம் இருந்தா, கட்டுப்பாட்டு டவரோட அனுமதி இல்லாம தாண்டக்கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வர்றவங்க தாண்டலாம்."

சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் காட்ட ஒரு காலைத் தூக்கினார்.

ருகையாவின் கை குறுக்கே வந்தது.

"விமானமே இல்லையே மேடம்."

ருகையா கையை எடுக்கவில்லை.

ஜெசிந்தா தூக்கிய காலைக் கீழே வைத்தார். இந்தப் பக்கமே.

அடுத்த வாரம் இருவரும் அதே கோட்டை நோக்கி விமானத்தில் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். ஜெசிந்தா ஓட்டினார். பின்னால் இன்னொரு விமானம். அதில் பயிற்சிப் பள்ளியின் உரிமையாளர், ஒரு விருந்தாளியோடு.

ரேடியோ கரகரத்தது. விமானத்தின் பெயர் இரைச்சலில் போய்விட்டது. கடைசி வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது. புறப்படலாம்.

ஜெசிந்தா ருகையாவைப் பார்த்தார். ருகையா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னால இருக்கிறவங்க, அனுமதி வந்தாச்சு. நகருங்க." ரேடியோவில் பின்னாலிருந்த உரிமையாளரின் குரல்.

மஞ்சள் கோடு நெருங்கியது.

ஜெசிந்தா இரண்டு கால்களாலும் பிரேக்கை அழுத்தினார். விமானத்தின் மூக்கு ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது.

"என்ன டாக்டர், தூங்குறீங்களா?" அதே குரல்.

"பெயர் கேட்கலை," என்று ஜெசிந்தா டவரிடம் சொன்னார். "யாருக்கு அனுமதி? திரும்பச் சொல்லுங்க."

டவரின் குரல் அவசரமாக வந்தது.

"நில்லுங்க. கோட்டுக்கு வெளியிலேயே நில்லுங்க. அது உங்களுக்கு இல்லை."

சொல்லி முடிப்பதற்குள் ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து வந்த விமானம் அவர்கள் கண்ணெதிரே சீறிக்கொண்டு கடந்தது. காற்றடித்து இவர்களுடைய இறக்கைகள் ஆடின. கொஞ்ச தூரம் போய் அது தரையை விட்டு எழும்பியது.

ஜெசிந்தாவின் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை.

"மேடம், நான் நிறுத்தலைன்னா நீங்க நிறுத்தியிருப்பீங்க இல்லையா?"

"என் காலும் என் பக்கத்து பிரேக் மேலதான் இருந்தது."

"பிறகு?"

"அதுக்கு வேலை வரலை."

ருகையா முதல்முறையாகச் சிரித்தார். பிறகு டவரிடம், திரும்பி வர அனுமதி கேட்டார்.

விமானங்கள் நிற்கும் இடத்துக்கு வந்து இன்ஜினை அணைத்ததும் ருகையா கதவைத் திறந்து இறங்கினார். காலியான தன் இருக்கையின் பெல்ட்டைத் தானே பூட்டி, இறுக்கி, கதவைச் சாத்தினார். இறக்கையைத் தாண்டிப் போய், தலை நிமிர்ந்து நின்றுகொண்டார்.

ஜெசிந்தாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

இன்ஜினை மறுபடி உயிர்ப்பித்து டவரை அழைத்தார்.

"விமானத்தில் எத்தனை பேர்?" டவர் கேட்டது.

"நான் மட்டும்."