தும்மல் ஆண்ட நாடு

முன்னொரு காலத்திலே கொடும்பை நாட்டை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஆண்டது தும்மல். “தும்மல் தெய்வத்தின் குரல். யார் தும்மினாலும் தொட்ட காரியத்தை விடு. காரணம் கேட்பது நாத்திகம்” என்று ராஜகுரு சதானந்தர் சொல்லிவைத்திருந்தார். அதனால் பாதிச் சவரத்தோடு திரிந்த ஆண்கள் உண்டு. ஒரு முடிச்சு விழுந்த தாலியோடு, மிச்ச இரண்டுக்காக மணையிலேயே குடியிருந்த பெண்ணும் உண்டு.

அரண்மனை மடப்பள்ளியில் சமைக்கிறவள் பொன்னுருவி, கைப்பிள்ளைக்காரி. ராஜகுருவின் புது மடத்துக்கு ராஜா முதல் கல்லை எடுத்த நேரம், அவள் இடுப்பிலிருந்த குழந்தை தும்மிவிட்டது. ராஜா கல்லைப் போட்டுவிட்டார், தளவாய் காலிலேயே.

“பேய்த் தும்மல்” என்றார் ராஜகுரு.

“தெய்வத்தின் குரல் என்றீர்களே, சுவாமி?” என்றார் ராஜா.

“என் மடத்தைத் தடுப்பது தெய்வமாக இருக்குமா? அந்தப் பிள்ளையைக் காட்டில் விடுங்கள்.”

ராஜா தலையைச் சொறிந்தார். “பச்சைப்பிள்ளை. சரி, காலையில் சாப்பிட்டுவிட்டு உத்தரவு போடுகிறேன்.”

பொன்னுருவி இறுக்கின இறுக்கில் குழந்தை சிணுங்கியது. ஓடலாமென்றால் வாசலெல்லாம் காவல். சாப்பிட்டுவிட்டு என்றாரே, அந்தச் சாப்பாடு தன் கையில் அல்லவா இருக்கிறது?

விடிந்ததும் பிள்ளையைக் கிணற்றடியில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, கூடை மிளகாய் வற்றலை இரும்புச்சட்டியில் கொட்டிக் கருக வறுத்தாள். ராஜா சபையாரோடு சாப்பிட உட்கார்ந்ததும், முறத்தால் புகையைச் சபைப் பக்கம் விசிறினாள்.

ராஜா பொங்கலில் கை வைத்தார். மந்திரி தும்மினார். ராஜா கையை எடுத்தார். மறுபடி வைத்தார், தளவாய் தும்மினார். ராஜா எழுந்திருக்கப் பார்த்தார், தும்மல். உட்காரப் பார்த்தார், தும்மல். கடைசியில் இரண்டும் இல்லாமல் அரைக்குனிவில் நின்றார். நெடி எல்லாருக்கும் தெரிந்தது. காரணம் கேட்டால் நாத்திகமாயிற்றே.

“சுவாமி, இடுப்பு போகிறது. பரிகாரம் சொல்லுங்கள்.”

ராஜகுரு வாய் திறந்தார். மூன்று தும்மல் தும்மினார். “தெய்வமாவது ஒன்றாவது, மகாராஜா. மிளகாய் நெடி. மடப்பள்ளியில் எவளோ வறுக்கிறாள்.”

பொன்னுருவி முறத்தோடு உள்ளே வந்தாள். “நான்தான் சாமி. பெரிய மூக்கு தும்மினா மிளகாய். எம்பிள்ளை தும்மினா மட்டும் பேயா? நேத்து அங்க சுண்ணாம்புத் தூசி பறந்துச்சு. அம்புட்டுத்தான்.”

ராஜா மெல்ல உட்கார்ந்து, தும்மிக்கொண்டே ஒரு கவளம் சாப்பிட்டார். வானம் இடியவில்லை. இன்னொரு கவளம் சாப்பிட்டார்.

“சுவாமி, மிளகாயை நீங்கள்தான் சரியாகக் கண்டுபிடித்தீர்கள். இனி அடுப்படி உங்களுக்கு. மடத்துக்கு ஒதுக்கின நிலம் இவளுக்கு. எங்கேயம்மா பிள்ளை?”

கொண்டுவந்தார்கள். வந்ததும் அது தும்மியது. சபை முழுக்க ராஜாவின் முகத்தையே பார்த்தது.

“நூறாயுசு” என்றார் ராஜா. “மூக்கைத் துடைத்துவிடு, தாயே.”